எஞ்சினைக் கழற்றியவள்

எங்கள் பம்பு தொழிற்சாலையில் அவளை மைக்ரான் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு ஒரு மைக்ரான். அந்த ஒரு துண்டுக்காக சூப்பர்வைசரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவாள். அவள் லேத்தில் கடைந்து அனுப்பும் தண்டுகளை அளந்து முத்திரை குத்துவது என் வேலை. பதினாலு வருஷத்தில் அவள் அனுப்பியதில் நான் திருப்பி அனுப்பியது மூன்றே மூன்று. அந்த மூன்றுக்கும் இன்றுவரை என்னைக் குத்திக் காட்டுவாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். நான் அக்கா என்பேன்.

அவள் வீட்டுக்காரரை எங்களுக்கெல்லாம் அவருடைய காரை வைத்துத்தான் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு மேலான கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை கிடையாது. நாலு ஆட்கள் சேர்ந்தால் ஒரு பக்கத்தை அலேக்காகத் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் அவர் பெரிய புள்ளி. ஊருக்கு வெளியே உள்ள மலைப்பாதையில் சங்கம் வருஷா வருஷம் பந்தயம் வைக்கும். ஒவ்வொரு காராக அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். மூன்று கிலோமீட்டர், இருபத்தோரு வளைவு. பழைய மாடல் பிரிவில் அவர் இரண்டு நிமிஷம் முப்பத்தோரு விநாடியில் ஏறியதைப் பதினோரு வருஷமாக யாராலும் முறியடிக்க முடியவில்லை. சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் பலகையில் முதல் வரி அவர் பெயர்தான்.

அந்தப் பிரிவுக்கு ஒரு விதி உண்டு. எஞ்சினும் அதன் உள்பாகங்களும் காரைச் செய்த கம்பெனியுடையதாகவே இருக்க வேண்டும், வெளியில் செய்து போடக் கூடாது. ஆனால் அவர் எஞ்சினில் வால்வு ஏறி இறங்கும் வெண்கலக் குழல்கள் எட்டும் அக்கா கடைந்தவை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேனேஜரிடம் கேட்டு வாங்கிய வெட்டுத்துண்டுகளில் அவள் கடைவாள், நான் அளப்பேன். ஒரு குழலை ஐந்து தரம் செய்தாள்.

"நல்லாத்தானே இருக்கு, விடுங்கக்கா" என்றேன்.

"அவர் வேகமா போவார்டி. உள்ள ஏதாவது பிடிச்சுக்கிச்சுன்னா வளைவுல போயிடுவார்."

அவ்வளவு அக்கறை. கோப்பை வாங்கிய அன்று அவர் மேடையில் சொன்னது இது: "ஒவ்வொரு பாகமும் வெளிநாட்டுக் கம்பெனியிலருந்தே வரவழைச்சேன். என் கையால மாட்டினேன்." அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். இரண்டாவது வாக்கியமாவது உண்மைதானே என்று அப்போது நினைத்தாளாம்.

இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு ஒரு நாள் காலையில், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "எனக்கு வேற ஒருத்தரோட பழக்கமாயிடுச்சு. வீடு எங்க அம்மா பேர்ல இருக்கு. நீ ஒரு இடம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டார். அக்கா அன்றைக்கும் வேலைக்கு வந்தாள். நாற்பத்தாறு தண்டு கடைந்தாள். ஒன்றில்கூடப் பிசிறு இல்லை. சாயங்காலம் கைகழுவும் இடத்தில்தான் என்னிடம் சொன்னாள். சொல்லும்போதும் நகத்திலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சமரசப் பேச்சுக்கு நான் துணைக்குப் போனேன். சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பேப்பர் பறக்காமலிருக்க ஸ்டேப்ளரை வைத்த ஒரு கோப்பு. எதிரே ஆலோசகர் அம்மாள். அக்காவின் வீட்டுக்காரர் பட்டியலோடு வந்திருந்தார். "ஃபிரிட்ஜ், பீரோ, தையல் மெஷின் எல்லாம் அவ எடுத்துக்கட்டும். காரை மட்டும் தர முடியாது."

ஆலோசகர் கோப்பைப் புரட்டினார். "கார் இவங்க பேர்ல இல்ல இருக்கு?"

கார் வாங்கின காலத்தில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் சொத்து வழக்கு. தன் பெயரில் எதுவும் இருக்கக் கூடாது என்று பெண்டாட்டி பெயரில் பதிவு செய்திருக்கிறார். பிறகு அதை மாற்ற மறந்தே போயிருக்கிறார்.

"அது சும்மா பேருக்குங்க" என்று சிரித்தார். "அவளுக்குக் கார் பத்தி என்ன தெரியும்? அவ மெஷின்ல பட்டன் அமுக்குறவ."

அதுவரை தலை குனிந்திருந்த அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேருக்குத்தானே மேடம்? அப்ப என் பேருக்கே இருக்கட்டும்."

அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். வீடு போனதற்கு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கார் சாவியைக் கையில் வாங்கியபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைப் பார்த்து, "தேங்க்ஸ் சார்" என்றாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் வாயில் அதுதான் பெயர்.

அக்காவின் தம்பி ஆட்டோ எலக்ட்ரீஷியன். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். அக்கா அவன் வீட்டு மாடி அறைக்குக் குடிபோனாள், கார் ஷெட்டுக்குப் போனது. தம்பிக்கும் அந்த மனிதர் மேல் பழைய எரிச்சல் உண்டு. இத்தனை வருஷம் அத்தான் அத்தான் என்று சுற்றி வந்தவனை, 'உன் ஸ்குரூடிரைவரோட என் கார் பக்கமே வராத' என்று நாலு பேர் முன்னால் சொன்னவர் அவர்.

இரண்டு வாரம் கழித்து அவரே ஷெட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். காரைச் சுற்றி வந்தார், மேலே போட்டிருந்த துணியைச் சரி செய்தார். பிறகு இறங்கிய குரலில் பேசினார். "நீ எப்படி வேணா வெச்சுக்கோ. வித்தாலும் எனக்கே வித்துடு. ஆனா எஞ்சின்ல மட்டும் கை வெச்சிடாத. சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒண்ணா பொறந்தது. அதைப் பிரிச்சா அந்தக் கார் செத்துடும். எனக்கு அது உயிரு மாதிரி."

"சரி சார்" என்றாள் அக்கா.

அவர் போனதும் தம்பி கேட்டான். "என்னக்கா, பொசுக்குன்னு சரின்னுட்ட?"

"எங்க அடிச்சா வலிக்கும்னு எனக்குத் தெரியாம இருந்துச்சுடா. நல்ல மனுஷன், அவரே விரல் வெச்சுக் காட்டிட்டுப் போறார்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். தம்பிக்குத் தெரிந்த பழைய இரும்புக் கிடங்கில் ஒரு நவீன ஸ்போர்ட்ஸ் கார் கிடந்தது. பின்னால் லாரி இடித்துப் பாதியாக நசுங்கியது, முன்பக்கம் சிராய்ப்புகூட இல்லை. அதன் எஞ்சின் முழுக்க அலுமினியம். நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று சுற்றும். அவருடைய பழைய இரும்பு எஞ்சின் ஐயாயிரத்து ஐநூறைத் தாண்டினாலே இருமும். எடை இரண்டும் ஏறக்குறைய ஒன்று, சக்தி மட்டும் நாலு மடங்கு. கியர் பாக்ஸையும் சேர்த்தே கழற்றி வந்தார்கள்.

பழைய எஞ்சினின் முதல் போல்ட்டை அக்காதான் கழற்றினாள். செயின் புல்லியில் தொங்கிக்கொண்டு அது மெல்ல மேலே ஏறியது. கீழே வெறும் குழி. அக்கா செல்போனை எடுத்து அந்தக் குழியைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டாவது நிமிஷம் போன் அடித்தது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடிக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தது.

"பதினேழு தடவை" என்று எண்ணிச் சொன்னான் தம்பி.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்றாள் அக்கா.

புது எஞ்சினை உள்ளே வைப்பது அவ்வளவு லேசாக இல்லை. அடியில் எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் முட்டியது. ஸ்டியரிங் தண்டு புகைக்குழாயோடு உரசியது. கியர் பாக்ஸுக்கு இடமில்லாமல் இருக்கைகளுக்கு நடுவிலிருந்த தகட்டை வெட்டி அகலமாக்கினார்கள். எஞ்சின் உட்காரும் கட்டைகள், சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டின் இணைப்பு, எல்லாவற்றையும் அக்கா வரைந்து கடைந்தாள். பின் அச்சும் பிரேக்கும் அந்த வேகத்தைத் தாங்காது என்று அவற்றையும் மாற்றினாள். தம்பி எஞ்சின் கம்ப்யூட்டரையும் அதன் ஒயர்களையும் கட்டில் நீளத்துக்குப் பரப்பி வைத்துக்கொண்டு, தேவையில்லாததை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஏழு மாதம் போயிற்று. ஒரு தடவைகூட அவள் சலித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு எப்போது அசதி வந்தாலும் தம்பி, "பட்டன் அமுக்குறவ" என்று மெதுவாகச் சொல்வான். உடனே எழுந்துவிடுவாள்.

ஆனால் கோபம் அவளையும் ஒரு தடவை காலை வாரியது. முதல் முறை ஸ்டார்ட் செய்த அன்று எஞ்சின் கணீரென்று பிடித்துக்கொண்டது. தம்பி ஒரு துள்ளுத் துள்ளினான். அடுத்த நொடியே "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!" என்று கத்தினான். எண்ணெய் அழுத்த விளக்கு அணையவில்லை. இன்னும் அரை நிமிஷம் ஓடியிருந்தால் உள்ளே எல்லாம் உரசி நாசமாகியிருக்கும். தொட்டியைக் கழற்றினோம். சட்டத்தில் முட்டக் கூடாது என்று அவள்தான் தொட்டியைக் குறுக்கி வெல்டிங் செய்திருந்தாள். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய்க்கும் தொட்டியின் தரைக்கும் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நான் அளந்தேன். ஒன்றரைதான் இருந்தது.

மில்லிமீட்டர்! மைக்ரானுக்குச் சண்டை போடுகிறவள் ஆறரை மில்லிமீட்டரைக் கோட்டை விட்டிருக்கிறாள். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்குத்தான் அவரும் அந்தப் பொம்பளையும் கடைவீதியில கைகோத்துக்கிட்டுப் போறதைப் பாத்தேன். வந்த வேகத்துல வெல்டிங் வெச்சேன். அளக்கலை" என்றாள். அந்த ஒரு நாள்தான் அவள் அழுது நான் பார்த்தது. அவருக்காக அல்ல, அந்த ஆறரை மில்லிமீட்டருக்காக. மறுபடி வெட்டி, மறுபடி ஒட்டி, மூன்று முறை அளந்தபிறகுதான் மாட்டினாள்.

அதன்பிறகு கார் ஓடியது. ஊருக்கு வெளியே காலியான சாலையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினாள். ஆறாயிரம் சுற்று வரை சாதுவாக இருந்த எஞ்சின், அதைத் தாண்டியதும் தொண்டையை மாற்றிக்கொண்டு அலறியது. நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் வரை விடாமல் மிதித்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கையில் அவளை ஒரு தடவைகூட உட்கார விடவில்லை அவர்.

பந்தயத்தன்று கார் மலையடிவாரத்தில் வந்து நின்றபோது அவர் சங்கக் கூடாரத்தில் இருந்தார். அதே பச்சை நிறம், அதே கார். பெயர்ப்பதிவுப் படிவத்தில் அக்கா பழைய மாடல் பிரிவு என்றே எழுதினாள். முதல் ஓட்டத்தில் பயந்து பயந்து ஏறினாள், இரண்டு நிமிஷம் நாற்பத்துநாலு விநாடி. கீழே இறங்கி வந்தபோது அவரும் சங்கத்து ஆட்கள் சிலரும் சிரித்ததை அவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். இரண்டாவது ஓட்டத்தில் மலை முழுக்க அந்த அலறல் கேட்டது. இரண்டு நிமிஷம் இருபத்தாறு.

அவர் ஓடி வந்தார். "பானெட்டைத் தொறங்க! தொறக்கச் சொல்லுங்க!"

அக்கா சந்தோஷமாகத் திறந்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவிலேயே காரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெறும் குழியைப் புகைப்படத்தில் பார்த்தவர்தான் என்றாலும், அங்கே வேறு எஞ்சின் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு. "கொன்னுட்டியே" என்றார்.

ஆனால் அரை மணி நேரத்தில் சுதாரித்துக்கொண்டு புகார் எழுதிக் கொடுத்தார். விதி அவர் பக்கம். அக்காவின் நேரம் பழைய மாடல் பிரிவில் செல்லாது, திறந்த பிரிவில் ஒன்பதாவது இடம் என்று சொல்லிவிட்டார்கள். பலகையில் முதல் வரி அப்படியே இருந்தது. புறப்படும்போது அவர் எங்கள் பக்கம் குனிந்து, "விதின்னு ஒண்ணு இருக்கு பாரு, அது உனக்குப் புரியாது" என்றார்.

அக்கா நேரே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். வண்டியை ஷெட்டில் நிறுத்தியதும், "விதியாம்டி" என்றாள். "எனக்கு விதி சொல்றார்."

அந்தச் சங்கத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவரிடமும் அதே மாடல் கார் உண்டு. ஆனால் முந்தைய உரிமையாளர் எப்போதோ எஞ்சினை மாற்றி ஒரு வேனின் எஞ்சினை வைத்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் டாக்டரை எந்தக் கூட்டத்திலும் விடமாட்டார். "என்ன வேன் டாக்டர், எத்தனை பயணி ஏத்தினீங்க?" என்பார். அவரைத்தான் அக்கா ஷெட்டுக்கு வரச் சொன்னாள். பழைய எஞ்சின் மரச் சட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் அதைத் தொடக்கூடக் கூச்சப்பட்டார்.

"எடுத்துக்கங்க டாக்டர். எனக்கு ஒண்ணும் வேண்டாம். நானே பிரிச்சுச் சுத்தம் பண்ணி, தேஞ்சதைச் சரி பண்ணித் தரேன். அடுத்த வருஷம் பழைய மாடல் பிரிவுல நீங்க ஏறணும். ஆனா ஒண்ணு, உள்ள இருக்கிற வால்வு குழல் எட்டும் நான் கடைஞ்சது."

டாக்டர் யோசித்தார். "அப்ப என் நேரம் செல்லாதே அம்மா?"

"செல்லாது. அதை அவர் வாயால சொல்லணும்னு எனக்கு ஒரு ஆசை."

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் நோயாளிகிட்ட அதைத்தான் சொல்வேன். எந்தப் பல்லுன்னு நீங்களே காட்டுங்கம்பேன். சரி, ஒரு மாசம் பாப்போம். யாரும் வாயைத் தொறக்கலைன்னா நானே போய் உண்மையைச் சொல்லிடுவேன். எனக்கு எஞ்சின் கிடைச்சதே போதும், போர்டு எதுக்கு?"

அடுத்த வருஷம் டாக்டர் ஏறினார். அக்கா கை பட்டுப் புதுசானது போல் இருந்தது அந்த எஞ்சின். இரண்டு நிமிஷம் முப்பது விநாடி. பலகையில் பதினோரு வருஷமாக முதலில் இருந்த பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கியது. தன் எஞ்சின், தான் கிண்டல் செய்த மனிதரின் காரில், தன் பெயருக்கு மேலே. அவர் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றதாகத் தம்பி வந்து சொன்னான்.

"சும்மா இருக்க மாட்டார் பாரு" என்றாள் அக்கா.

ஒன்பதாவது நாள் புகார் போனது. சங்கக் கட்டடத்தில் விசாரணை வைத்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எதையும் படிப்படியாகத்தான் கேட்பார். டாக்டர், அக்கா, நான், தம்பி ஒரு பக்கம். அவர் தனியாக எதிர்ப்பக்கம்.

"இந்த எஞ்சின்ல வால்வு குழல் எட்டும் ஒரிஜினல் இல்ல சார். உள்ளூர்ல கடைஞ்சது. பிரிச்சுப் பாருங்க."

"யார் கடைஞ்சது?"

"இவதான்."

தலைவர் அக்காவைப் பார்த்தார். "நீங்களா அம்மா?"

"ஆமாங்க. நான்தான்."

"எஞ்சினை டாக்டருக்குக் கொடுக்கும்போது மாத்தினீங்களா?"

"இல்லைங்க. அதுல நான் குழலைத் தொடவே இல்ல. முன்னாடியே இருந்ததுதான்."

"பொய் சொல்றா சார்" என்று அக்கா பக்கம் கைநீட்டி அவர் ஏதோ ஆரம்பிக்க, டாக்டர் சாவதானமாகச் சொன்னார்: "உள்ள என்ன இருக்குன்னு இவருக்கு எப்படி சார் தெரியும்? ஊகத்துல பேசறார். அந்தக் குழலை எப்ப மாட்டினாங்கன்னு இவரு கண்டாரா?"

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "எனக்குத் தெரியாதா? பன்னண்டு வருஷம் முன்னாடி இவகிட்டருந்து வாங்கி, என் கையால ஒவ்வொண்ணா அடிச்சு மாட்டினதே நான்தான்யா!"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"பன்னண்டு வருஷம் முன்னாடின்னா, நீங்க சாதனை பண்றதுக்கு முந்தின வருஷம்" என்றார். "எல்லாம் கம்பெனியிலருந்து வந்ததுன்னு மேடையில சொன்னீங்க."

அவர் பின்னால் கைநீட்டி நாற்காலியைத் தேடினார். எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் லேத்தில் தண்டு சுற்றும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. கண் இமைக்கவில்லை.

இரண்டு பேர் நேரமும் செல்லாது என்று எழுதினார்கள். அடுத்த வாரம் பெயிண்டர் வந்து பலகையில் இரண்டு வரியையும் அழித்தார். டாக்டர் அதற்கும் கைதட்டினார் என்று கேள்வி.

அன்றைக்கு வாசலில் அவர் அக்காவை மறித்தார். "என் பேரைக் கெடுக்கணும்னே திட்டம் போட்டுச் செஞ்சியா?"

"ஆமா சார்."

மறுத்திருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார். அப்படியே ஒத்துக்கொண்டதும் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "இப்ப திருப்தியா?" என்றார்.

அக்கா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "இல்ல. ஆனா நல்லா தூக்கம் வரும்."

அவர் சங்கத்தை விட்டு விலகிவிட்டார். அக்கா இப்போது அந்தக் காரில்தான் வேலைக்கு வருகிறாள், மழையானாலும். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவாள். சங்கத்து ஆட்கள் சிலர் பாகம் செய்து கொடுக்கச் சொல்லித் தேடி வருகிறார்கள். முதல் ஓட்டத்தில் சிரித்தவர்கள் யார் யார் என்று அவளுக்கு நினைவிருக்கிறது. அவர்களுக்கு நேரமில்லை என்பாள்.

போன மாதம் ஒரு மதியம் வாட்ச்மேன் துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டு வந்தார். அக்காவின் வீட்டுக்காரராக இருந்தவர் வேறொரு பழைய கார் வாங்கியிருக்கிறாராம். அதன் தண்ணீர் பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது, எங்கேயும் கிடைக்கவில்லை, கேட்டுக்கு வெளியே நிற்கிறார் என்றார். அக்கா துணியைப் பிரித்தாள். பழக்க தோஷம், மைக்ரோமீட்டரை எடுத்து மூன்று இடத்தில் அளந்தாள். ஒரு சீட்டில் அளவை எழுதினாள். தண்டையும் சீட்டையும் அதே துணியில் சுற்றி வாட்ச்மேன் கையில் கொடுத்தாள்.

"நாப்பது மைக்ரான் தேஞ்சிருக்குன்னு சொல்லுங்க. வேற இடம் பாக்கச் சொல்லுங்க."

ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. அவர் சீட்டைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாவமா இருக்குக்கா" என்றேன்.

"பாக்காத" என்றாள், மெஷினுக்குத் திரும்பிக்கொண்டே. "நான் அப்படிப் பாத்துப் பாத்துத்தான் இருபத்திரண்டு வருஷம் போச்சு."